திட்டி அனுப்புதல்

நர்ஸ் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கியதும் மூச்சு இயந்திரத்தின் ஒயர் தரையில் விழுந்தது. ஹாரன் குனிந்து அதை எடுத்தாள். உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரே அளவாகச் சுற்ற ஆரம்பித்தாள். கட்டிலில் சித்தப்பா வாயைக் கொஞ்சமாகத் திறந்துவைத்திருந்தார். ஏதோ கிண்டலாகச் சொல்ல வந்து பாதியில் மறந்துபோனவர் மாதிரி இருந்தது. அவர் இறந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது.

"அதை விட்டுடும்மா, நாங்க பாத்துக்குவோம்" என்றார் நர்ஸ்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க சிஸ்டர். இது எங்க வீட்டு வழக்கம்."

அவள் மணிக்கட்டில் எப்போதும் இரண்டு மூன்று ரப்பர் பேண்டுகள் கிடக்கும். ஒன்றைக் கழற்றிச் சுருளில் போட்டு, அதை இயந்திரத்தின் தலையில் மாட்டினாள்.

ஹாரன் என்பது சித்தப்பா வைத்த பெயர். பிறந்த அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவைக் கிடுகிடுக்க வைத்த குரல் அது. பிற்பாடு அவள் நகரப் பேருந்து ஓட்டும் வேலைக்குப் போனபோது, "பாத்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் அவர் பெருமை அடித்துக்கொண்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது.

"என்னடி பண்றே அங்க?" ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றிருந்த அத்தை திரும்பினார். சித்தப்பாவுக்கும் அப்பாவுக்கும் மூத்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்திலிருந்துதான், தலைமையிலிருந்து இல்லை.

"ஒயர் சுத்தறேன் அத்தை."

"அவனே போயிட்டான். அவனோட பைத்தியக்காரத்தனமும் அவன்கூடவே போகட்டும்."

"அது போகாது" என்றாள் ஹாரன்.

வராந்தாவில் அத்தை ஏற்பாடுகளைச் சொன்னார். "நாளைக்குக் காலைல தகன மண்டபத்துல நேரம் வாங்கியாச்சு. அவன் ரிப்பேர் பாத்த கடைக்காரங்க எல்லாரும் வர்றாங்க. பேக்கரிக்காரர் ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசுவார். அப்புறம் நான் பேசுவேன். அழகா, அமைதியா முடிச்சுடலாம்."

"திட்டறது எப்போ?"

"யாரை?"

"சித்தப்பாவைத்தான். அவரே கேட்டுக்கிட்டாரே. நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க."

இருந்தார். போன வாரம் மூச்சு இயந்திரத்தின் முகமூடியைக் கழற்றிவிட்டு, நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு சித்தப்பா சொன்னார்: "என்னைத் திட்டித்தான் அனுப்பணும். எவனாவது 'நல்ல மனுஷன்'னு ஆரம்பிச்சா, சத்தியமா எழுந்து உக்காந்துடுவேன்." அத்தை அப்போது தலையணை உறையைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார்.

இப்போது அத்தை குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. உயிரோட இருந்தப்போ ஊரே அவனைப் பாத்துச் சிரிச்சுது. ஃப்ரிட்ஜுக்கு வழியனுப்பு விழா நடத்தற கிறுக்கன்னு என் ஸ்கூல் வாத்தியாருங்க என் காதுபடவே பேசினாங்க. நாளைக்கு ஒரு நாளாவது அவனைப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாது. எனக்கு அது போதும்."

அத்தை கல்நெஞ்சக்காரியாக இருந்திருந்தால் ஹாரனுக்குச் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும்.

திட்டி அனுப்பும் வழக்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹாரனுக்கு எட்டு வயதில் அம்மா இறந்தாள். காலையில் தலை பின்னிவிட்டவள் மதியம் இல்லை. வீடு கொள்ளாத கூட்டம். வந்தவர்கள் எல்லோரும் அம்மாவைத் தங்கம் என்றார்கள், வாய் திறந்து ஒரு சொல் கடிந்து பேசாதவள் என்றார்கள். குழந்தைக்கோ அம்மா மேல் கடுங்கோபம். அதை அப்படியே உரக்கச் சொல்லவும் செய்தாள். அத்தை அவள் வாயைப் பொத்தி, "போனவங்களைப் பத்தி அப்படிப் பேசக் கூடாது" என்றார். பொத்திய வாய் அதன்பின் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் பேச்சில்லை, வீட்டிலும் பேச்சில்லை. பெண்டாட்டியும் போய், பெண்ணின் குரலும் போய், அப்பா இடிந்து உட்கார்ந்திருந்தார்.

அப்படியே கொஞ்ச நாள் போனது. அப்புறம் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றது. சித்தப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இதற்கு இனிமேல் உயிர் வராது என்று கையைத் துடைத்தார். பழைய சாமான் வண்டி வாசலில் வந்து நின்றது. ஒயரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டவர், என்ன தோன்றியதோ, குழந்தையைத் தூக்கி வந்து ஃப்ரிட்ஜின் முன்னால் நிறுத்தினார்.

"இது நம்மளை விட்டுட்டுப் போகுது. போறதுக்கு முன்னாடி நல்லாத் திட்டிடு. என்ன வேணா சொல்லலாம். ஆனா உண்மையா இருக்கணும்."

குழந்தை ரொம்ப நேரம் கதவின் துருப்பிடித்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குரல் வந்தது.

"காலைல நல்லாத்தானே இருந்தே? நின்னுடப் போறேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? உன்னை நம்பித்தானே எல்லாத்தையும் உள்ள வச்சோம்?"

தொண்டை கட்டும்வரை திட்டினாள். வண்டிக்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார், அவசரப்படுத்தவில்லை. அவள் ஓய்ந்ததும் அப்பா எழுந்து வந்தார். குளிர்காலத்தில் குளிர வைத்தாய், வெயில் காலத்தில் ஏமாற்றினாய் என்று ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். கடைசியில் சித்தப்பா விரல் முட்டியால் கதவைத் தட்டி, "சரி, கிளம்பு" என்றார். அன்று ராத்திரி ஹாரன் சாப்பாடு போதவில்லை என்று வீட்டை இரண்டாக்கினாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டைவிட்டு எதுவும் திட்டு வாங்காமல் போனதில்லை. ஸ்கூட்டர், சோபா, சித்தப்பாவின் கடைவாய்ப் பல் என எல்லாவற்றுக்கும் அதே மரியாதை. விதிகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒயர் இருந்தால் சுற்றி ரப்பர் பேண்டு போட வேண்டும். 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும். உள்ளே பாராட்டை ஒளித்துவைத்த திட்டு செல்லாது. கடைசியாகத் திட்டியவர் தட்டி, கிளம்பச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானதைச் சித்தப்பா விரலை ஆட்டிச் சொல்வார்: "ஒருத்தர் மட்டும் திட்டினா அது சண்டை. ரெண்டாவது ஆள் சேர்ந்தாத்தான் சடங்கு."

மனிதர் அதோடு நிற்கவில்லை. வீட்டில் யார் புது ஷூ வாங்கினாலும் முதல் சுற்றை வேறொருவர் போட்டு நடந்து காட்ட வேண்டும் என்றார். அப்பாவின் ஷூவில் ஹாரன் தெருமுனை வரை தடால் தடாலென்று நடந்து போய் வந்திருக்கிறாள். கரண்ட் போய் வந்தால், இருட்டில் யார் எதைச் சொல்லிக்கொண்டிருந்தாரோ அதைச் சொல்லி முடித்த பிறகுதான் மற்றவர்கள் எழுந்திருக்கலாம். அப்பாவுக்கு வேலை போன மறுநாள் காலை, வழக்கமான நேரத்துக்கு அலாரம் வைத்து எல்லோரையும் எழுப்பினார். அரைத் தூக்கத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அலாரத்தை அப்பா தன் கையால் அணைத்தார். பிறகு எல்லோரும் போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடி தூங்கப் போனார்கள். வேலை போன துக்கத்தில் அப்பா சிரித்தது அன்றைக்குத்தான்.

அத்தைக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது. "சடங்குன்னா காலங்காலமா வரணும். நீயா உக்காந்து உண்டாக்கறதெல்லாம் சடங்கா?"

"எல்லாச் சடங்குக்கும் ஒரு முதல் நாள் இருந்திருக்கும்ல அக்கா? ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை வெட்டி இல்லாத ஒருத்தன் அதைப் பண்ணியிருப்பான். பக்கத்துல இருந்தவங்க விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க. அவனோட அக்கா அவனைத் திட்டியிருப்பா."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சாயங்காலம் அப்பா சமையலறையில் ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். ஹாரன் குழாயை மூடினாள்.

"அப்பா, நாளைக்கு நான் எழுந்திரிக்கப் போறேன். ரெண்டாவது ஆள் நீங்கதான்."

"அக்கா இருப்பாங்களேம்மா."

"இருக்கட்டும்."

"அது இல்லம்மா." அப்பா ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்தார். "அவனைத் திட்ட எங்கிட்ட என்ன இருக்கு? உங்கம்மா போனதுலேருந்து எனக்காகவே இந்த வீட்ல கிடந்தான். எதைச் சொல்லித் திட்டறது?"

"ராத்திரி முழுக்க இருக்கு. யோசிங்க" என்றாள். அப்பா மறுபடி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

தகன மண்டபத்தில் வரிசையாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு மேடை, அதில் மரப்பெட்டி, பெட்டிக்குப் பின்னால் சுவரில் ஓர் எஃகுக் கதவு. ஓரத்தில் மைக். அதன் நீளமான ஒயர் நடைபாதை முழுக்க ஓடியது. கடைக்காரர்கள் தேய்த்த சட்டையில் வந்து முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பாவோடு டீ குடிக்கையில் இவர்களில் ஒருவர்கூட இப்படி உட்கார்ந்ததில்லை.

பேக்கரிக்காரர் மைக்கின் முன் நின்று தொண்டையைச் செருமினார். அத்தை சொல்லிக்கொடுத்தபடி ஆரம்பித்தார். "மறைந்த நண்பர் ஒரு நல்ல மனுஷன்."

ஹாரன் பெட்டியைப் பார்த்தாள். அவர் எழுந்து உட்காரவில்லை.

"எல்லாரையும் மதிக்கத் தெரிஞ்ச ஒரு நல்ல மனுஷன்" என்று பேக்கரிக்காரர் மறுபடி சொன்னார். பெட்டியில் ஓர் அசைவு இல்லை. சத்தியம் பண்ணிக் கொடுத்த ஆள் அப்படியே கிடந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நேற்றிலிருந்து வராத அழுகை கோபமாகக் கிளம்பி வந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, அவள் எழுந்து நின்றாள்.

"நீ ஒரு ஏமாத்துக்காரன்."

பேக்கரிக்காரர் யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தார். அவள் பெட்டியைப் பார்த்துத்தான் பேசினாள். நேற்று வரை 'நீங்க' என்று கூப்பிட்டவள்.

"தெருவுல நடந்து போகும்போதே, எந்த வீட்டு ஃப்ரிட்ஜ்ல என்ன சத்தம் வருதுன்னு சொல்ற ஆள் நீ. உன் நெஞ்சுக்குள்ள என்ன சத்தம் வந்துதுன்னு உனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எங்கிட்ட 'தூசி, தூசி'ன்னே. டாக்டர்கிட்டப் போலாம்னு நான் லீவு போட்டுட்டு வந்து நின்னா, பின் வாசல் வழியா ஓடிட்டே. கேட்டதுக்கு, யார் வீட்லயோ ஏசி அவசரம்னே. என்னை விட எந்த ஏசி உனக்கு அவசரம்?"

அத்தை மண்டபத்து ஆளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவர் ஓடிப்போய் மைக்கின் பிளக்கைப் பிடுங்கினார். பாவம், ஹாரன் மைக்குக்குப் பக்கத்திலேயே இல்லை. பேருந்தின் கடைசி இருக்கைக்குக் கேட்கப் பழகிய குரல் அது.

"சொல்லியிருந்தா நான் தூக்கிட்டுப் போயிருப்பேனே! ஒரு வார்த்தை சொன்னியா?"

"போதும். உக்காரு." அத்தை எழுந்துவிட்டார்.

"உக்கார மாட்டேன் அத்தை. ஒரு தடவை என் வாயைப் பொத்தினீங்க. இனிமே முடியாது."

பின்வரிசையில் யாரோ அடக்க மாட்டாமல் களுக்கென்று சிரித்தார்கள். அத்தையின் முகம் வெளுத்தது. இந்த ஒரு சிரிப்புக்குப் பயந்துதானே அவர் எல்லாவற்றையும் கட்டிக்காத்தார். ஹாரனுக்கும் அது புரிந்தது, புரிந்தும் உட்காரவில்லை. இன்னும் இரண்டாவது ஆள் எழவில்லை. எழாவிட்டால் இது வெறும் சண்டை. ஊரைக் கூட்டி, செத்த மனிதரோடு மகள் முறையில் இருப்பவள் போட்ட சண்டை. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் எழுந்தார். ஒரு கையால் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ..." என்றார். அக்கா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. ராத்திரி முழுக்க யோசித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. "நீ... நீ ஒரு நாளும் என் பேச்சைக் கேட்டதே இல்ல."

"பொய்" என்றார் அத்தை.

எல்லோரும் திரும்பினார்கள். அத்தைக்கே தான் பேசியது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது போலிருந்தது. ஆனால் பரீட்சைத் தாளில் தப்பான விடையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அந்த அம்மாளால் எந்தக் காலத்திலும் முடிந்ததில்லை.

"உண்மையா இருக்கணும்னு விதி இருக்கா, இல்லையா?" என்றார் தம்பியிடம்.

"இருக்குக்கா."

"அப்புறம் என்ன வாய்க்கு வந்ததைச் சொல்றே? அவன் உன் பேச்சைக் கேட்டான். உன் பேச்சை மட்டும்தான் கேட்டான். கூட இருடான்னே, கடைசி வரைக்கும் இருந்தான். என் பேச்சைத்தான் கேட்கல." சொல்லிக்கொண்டே பெட்டியின் பக்கம் திரும்பினார். "கேட்டியாடா? என்னைக்காவது கேட்டியா நீ?"

அப்பா மெதுவாக உட்கார்ந்தார். விதிகளெல்லாம் அத்தைக்கு மனப்பாடம் என்பது ஹாரனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"படிடான்னேன், படிக்கல. ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் மைக் செட் பாக்க உன்னைக் கூப்பிட்டேன். எல்லாரும் பேசும்போது நல்லாத்தான் இருந்துது. நான் பேசும்போது மட்டும் சத்தத்தைக் குறைச்சு வச்சே. ஏண்டான்னு கேட்டா, கடைசி வரிசைப் பசங்க தூங்கட்டும்க்கான்னே. நேத்து..." அத்தை நிறுத்தி, மூக்கை உறிஞ்சினார். "நேத்து நான் பக்கத்துலயே நிக்கறேன். தண்ணி வேணும்னு அவளைத்தான் கூப்பிட்டே. நான் குடுத்தா இறங்காதா உனக்கு?"

மைக்கின் முன்னாலேயே நின்றிருந்த பேக்கரிக்காரர் கையை உயர்த்தினார். "நானும் ஒண்ணு சொல்லிக்கலாமா டீச்சர்?"

"உண்மையா இருந்தா சொல்லுங்க."

அவர் பெட்டிக்குப் பக்கத்தில் போனார். "உன் கேக்கு இந்த வெயிலுக்குக் கெடாது, கெடறதுக்கு அதுல ஒண்ணும் இல்லன்னு என் கடை வாசல்ல நின்னு சொன்னே. அன்னைக்கு வாங்க வந்தவங்க திரும்பிப் போனாங்க. நான் இன்னும் மறக்கல" என்றார். மண்டபமே சிரித்தது. அத்தை யாரையும் முறைக்கவில்லை. வெல்டிங் கடைக்காரர் எழுந்தார். பக்கத்து வீட்டம்மா எழுந்தார். கடன் வாங்கித் திருப்பித் தராத ஏணி, காலை ஐந்து மணிக்குக் கேட்ட சுத்தியல் சத்தம், சரிசெய்து கொடுத்த பிறகு மூடினால் திறக்காத கதவு என்று திட்டு வரிசையாக வந்து விழுந்தது. பாராட்டை ஒளித்துவைத்துத் திட்டப் பார்த்த ஒருவரை அத்தை, "அது செல்லாது, வேற சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பினார்.

மண்டபத்து ஆள் கடிகாரத்தைக் காட்டினார். அடுத்த குடும்பம் வெளியே காத்திருந்தது. யாராவது கடைசியாகத் திட்டித் தட்ட வேண்டும். ஹாரன் ஓரடி எடுத்து வைத்தாள். அத்தை அவளைக் கையால் தடுத்தார்.

"நான் இன்னும் முடிக்கல."

பெட்டியருகே போய், மூடியில் படிந்திருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"ஸ்கூல்ல வரிசையா நில்லுடான்னா, நடுவுல புகுந்து முன்னால ஓடிடுவே. தம்பிதானேன்னு விட்டேன். அன்னைக்கே உன்னை முட்டி போட வச்சிருக்கணும்."

வகுப்பறை மேசையைத் தட்டுவதுபோல விரல் முட்டியால் மூடியைத் தட்டினார்.

"சரி. கிளம்பு."

எஃகுக் கதவு மேலே போனது. பெட்டி உள்ளே நகர்ந்தது. கதவு இறங்கியது.

கூட்டம் பேசிக்கொண்டே வாசலுக்கு நகர்ந்தது. அப்பாவைப் பேக்கரிக்காரர் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். ஹாரன் விழுந்து கிடந்த தன் நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பியபோது, அத்தை முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் மைக் ஒயர். உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத கை, ஒரு சுற்று பெரிதும் ஒரு சுற்று சிறிதுமாக விழுந்தது.

"அதை விடுங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்" என்றார் மண்டபத்து ஆள்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க."

ஹாரன் பக்கத்தில் போய் நின்றாள். அத்தை ஒயரின் கடைசி முனை வரை சுற்றி முடித்தார். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே ஒரு கையை நீட்டினார்.

"ரப்பர் பேண்டு இருக்கா?"

மணிக்கட்டில் மிச்சம் ஒன்று இருந்தது. ஹாரன் அதைக் கழற்றிக் கொடுத்தாள்.